கம்ப்யூட்டரை மாற்றுமுன் கணக்கின் சாவி யாரிடம் என்று பாருங்கள்

2025-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரங்களை மளிகை வணிகர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது. குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கின. பழைய சரக்கு, புதிய விலை, வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி, கம்பெனி விற்பனைப் பிரதிநிதி சொல்லும் சமாதானம் என்று அல்லாடிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் அக்டோபர் 14-ஆம் தேதி, நம் கடைகளில் பரவலாக ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆறாம் நாள் தீபாவளி. எண்ணெய், மைதா, சர்க்கரை, சீயக்காய் என்று கூட்டம் நிற்கையில் கம்ப்யூட்டரைப் பற்றி யார் யோசிப்பார்கள்? பெட்டி வழக்கம்போல் ஓடியது, பில் வழக்கம்போல் வந்தது, விஷயம் அப்படியே மறந்து போயிற்று.

மறந்து போகலாமா என்பதுதான் கேள்வி. ஆதரவு நின்றுபோன விண்டோஸ் மறுநாளே படுத்துவிடாது. இரவுக் காவலாளி வேலையை விட்டுப் போய்விட்ட குடோன் போன்றது அது. பூட்டு இருக்கும், சரக்கு இருக்கும். ஆனால் சுவரில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு ஆள் வராது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும் இதேதான் நடந்தது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற வைரஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, 300 டாலருக்கு பிட்காயின் கட்டு என்று கேட்டது. அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே திருத்தம் கொடுத்திருந்தது. திருத்தம் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. காசு கட்டினாலும் கணக்கு திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

சரி, விண்டோஸ் 11-க்குப் போய்விடலாம் என்றால் அங்கே ஒரு கெடுபிடி. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசஸர் இன்டெல் ஆனால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். 2016-இலோ 2017-இலோ, ஜி.எஸ்.டி. வருகிறது என்று நாம் அவசர அவசரமாக வாங்கிப் போட்ட பெட்டிகள் பெரும்பாலும் இந்த வாசலில் நின்றுவிடும். பணம் கட்டித் திருத்தம் வாங்கும் வழி ஒன்று இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான திட்டம் 2026 அக்டோபர் 13 வரைக்குத்தான். நிறுவனங்களுக்கான திட்டத்தில் முதலாண்டுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டில் இரட்டிப்பு, அதுவும் மூன்று ஆண்டோடு சரி. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்பதைத்தான் இதெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்கிறது. தராசு தேய்ந்தால் மாற்றுவோம். தேயாத தராசை மாற்று என்றால் எந்த வியாபாரிக்கும் எரிச்சல் வரத்தானே செய்யும்?

இந்த எரிச்சலைப் பார்த்துத்தான், "லினக்ஸ் போட்டுவிடுங்கள் அண்ணாச்சி, எல்லாம் இலவசம்" என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகள் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, பாதி உண்மை. மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

லினக்ஸ் என்பது என்ன சரக்கு?

1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கியது இது. அதற்கும் முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ என்ற திட்டமும் இதோடு சேர்ந்துகொண்டது. மளிகைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், விண்டோஸ் என்பது கம்பெனி அடைத்து விற்கும் மசாலாப் பொட்டலம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது, அரைத்துப் பார்க்கக் கூடாது, பக்கத்துக் கடைக்காரருக்குப் பகிர்ந்து கொடுக்கவும் கூடாது. லினக்ஸில் பொடியும் கிடைக்கும், மல்லி எத்தனை மிளகாய் எத்தனை என்ற பக்குவமும் கூடவே கிடைக்கும். வேண்டுமானால் நீங்களே கூட்டிக் குறைத்து அரைத்து, உங்கள் பெயரிலேயே விற்கலாம். இப்படிப் பலர் பலவிதமாக அரைத்து வைத்திருப்பதால்தான் உபுண்டு, டெபியன், மின்ட், பெடோரா என்று பல பெயர்கள். விண்டோஸில் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் ஒத்துவரும் என்பது என் எண்ணம். கீழே மெனு, இடது மூலையில் பட்டன், வலது மூலையில் கடிகாரம். அதற்கு 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய பெட்டியே போதும்.

புதுச்சரக்கு என்று பயப்படவும் வேண்டாம். நம் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே லினக்ஸ்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். அட்டையை வைத்துக்கொண்டு, பணம் வந்துவிட்டதா என்று போனில் பார்க்கிற ஒவ்வொருவரும் தெரியாமலேயே லினக்ஸ்காரர்தான். கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது, போன் தெரியும். ஆகவே "பழக்கப்பட்ட ஆள் கிடைக்கமாட்டான்" என்ற வாதத்துக்கு முன்புபோல் பலம் கிடையாது.

இலவசம் என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. இலவசம் என்றாலே வியாபாரி சற்றுத் தள்ளி நின்று பார்ப்பான், அது நல்ல பழக்கமும்கூட. சரக்குக்கு விலை இல்லை; ஆனால் அதைப் போட்டுக் கொடுக்க வருகிறவருக்குக் கூலி உண்டு, பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் ஓடி வருகிறவருக்குக் கூலி உண்டு. லினக்ஸை வைத்து அந்தக் கூலியையே தொழிலாக நடத்திய ரெட் ஹாட் என்ற நிறுவனத்தை ஐ.பி.எம். 2019-இல் 34 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. சும்மா கிடைக்கும் பொருளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய தொழில் இருக்கிறது பாருங்கள்! மாறுகிற முதல் ஆண்டில் செலவு மிச்சமாகும் என்று எண்ணி இறங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். மூன்றாம் ஆண்டில் மிச்சம் தெரியலாம்.

ஆனால் வேறொரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் மேடையில் பேசுவதில்லை. நம் கடைகளில் ஓடும் விண்டோஸில் எத்தனை முறையாகக் காசு கொடுத்து வாங்கியவை? பெட்டியைச் சேர்த்துக் கொடுத்தவர் "எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன்" என்று சொல்லியிருப்பார். நாமும் விவரம் கேட்டிருக்க மாட்டோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வியாபாரத்துக்கு அல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு வழி வைத்திருக்கும் அதே பிரிவு, வியாபாரத்தில் பயன்படுத்தியவருக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. முத்திரை போடாத தராசை வைத்திருக்கக் கூடாது என்பதை நாம் ஒத்துக்கொள்கிறோம். இதுவும் அதே வகைதான். திருட்டுப் பிரதியைத் துடைத்துவிட்டு முறையான விண்டோஸ் வாங்குங்கள், அல்லது லினக்ஸ் போடுங்கள். இரண்டில் எது செய்தாலும் சரி, இப்போதிருப்பதைவிட மேல்.

எது ஓடும், எது ஓடாது

ஓடுவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுருக்கம். பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். எந்த இயங்குதளத்திலும் செருகிய உடனே வேலை செய்யும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ரிட்டர்ன் போடுவது, இ-வே பில் எடுப்பது, வங்கிக் கணக்கு பார்ப்பது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்குவது எல்லாம் உலாவியில் நடக்கும் வேலை. பயர்பாக்ஸோ குரோமோ இருந்தால் போதும். கடிதம், விலைப்பட்டியல், எக்செல் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. சாதாரண எக்செல் கோப்புகளைத் திறந்து, திருத்தி, எக்செல்லாகவே சேமித்துத் தரும்.

ஓடாதவற்றில்தான் நம் பிழைப்பு இருக்கிறது. நம்மவர்களில் கணிசமானோர் நம்பியிருக்கும் டேலி பிரைம், நேரடியாக நிறுவ வேண்டுமானால் விண்டோஸுக்கு மட்டும்தான். உள்ளூர் பில்லிங் சாப்ட்வேர்களும் பெரும்பாலும் அப்படியே எழுதப்பட்டவை. வைன் என்று ஒரு மாற்றுவழி உண்டு. விண்டோஸ் சாப்ட்வேரை லினக்ஸில் ஓட்டிக் காட்டும். சில ஓடும், சில பாதி ஓடும். பில் போடும் மேசையில் "பாதி ஓடும்" என்ற சொல்லுக்கு இடமில்லை. டாங்கிள் என்று ஒரு சாவிக்குச்சியைச் செருகினால்தான் திறக்கும் சாப்ட்வேர் என்றால் அந்த முயற்சியையே விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. துறையே தரும் ஆஃப்லைன் டூலும் விண்டோஸுக்கென்று செய்யப்பட்டதுதான். மேக்ரோ வைத்து எழுதிய எக்செல் படிவங்கள் லிப்ரே ஆபீஸில் தகராறு செய்யும். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வருகிற படிவம் அப்படிப்பட்டதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் கம்பெனிகள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்க வேண்டும். தனி உரிமையாளர் கடைகளுக்கு போனில் வரும் ஓ.டி.பி.யே கையெழுத்து, அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிரிண்டர் விஷயம் இடைநிலை. தெர்மல் பில் பிரிண்டர்களில் பல ஒரே பொது மொழியில் பேசுகின்றன, லினக்ஸில் ஓட வைத்துவிடலாம். ஆனால் தமிழ் எழுத்து சரியாக வருகிறதா, காகிதம் வெட்டுகிறதா, கல்லாப்பெட்டி திறக்கிறதா என்று மூன்றையும் பார்த்தாக வேண்டும். மொத்த வியாபாரிகள் கார்பன் பிரதியுடன் பில் எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், வரி ஒரு கோடு தள்ளி அடித்தாலும் கட்டம் மாறிப்போகும். எலக்ட்ரானிக் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருப்பவர்கள், எடை தானாக பில்லில் ஏறுகிறதா என்று சோதிக்காமல் ஒரு முடிவுக்கும் வரக் கூடாது.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனிகோடு தமிழும் தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பொருள் பெயர்ப் பட்டியல்கள் நம்மிடம் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் துவரம்பருப்பு என்பது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. லினக்ஸுக்குப் போகிறோமோ இல்லையோ, அந்த மாற்றத்தை ஓர் ஓய்வு நாளில் செய்து வைப்பது நல்லது.

ஆகவே என் யோசனை இதுதான். கடையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் கல்லாவில் இருப்பதைத் தொடாதீர்கள். உள்ளறையில் ரிட்டர்ன், மெயில், வாட்ஸ்அப், கடிதம் என்று வெளியுலகத்தோடு பேசுகிற கம்ப்யூட்டரை முதலில் லினக்ஸாக்குங்கள். வைரஸ் வருகிற வாசல் அதுதான். இயங்குதளம் மாறினாலும் சங்கடம் குறைவாக இருப்பதும் அங்கேதான். லினக்ஸுக்கு வைரஸே வராது என்று சொல்வது பொய். மெயிலில் வருகிற விண்டோஸ் வைரஸ் அதில் அப்படியே ஓடாது என்பதுதான் உண்மை. கல்லாவில் உள்ள பழைய விண்டோஸ் 10 பெட்டியை இணையத்திலிருந்து பிரித்துவிட்டு, அதில் கண்ட பென் டிரைவையும் செருகாமல் பார்த்துக்கொண்டு, அடுத்த பெட்டி வாங்கும் வரை ஓட்டலாம். இந்த ஏற்பாடு சிறு கடைகளுக்கு மட்டும்தான். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போய், இ-இன்வாய்ஸ் கட்டாயமாக உள்ள மொத்த வியாபாரிகளுக்கு பில் போடும் பெட்டியில் இணையம் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் சிக்கனம் பார்க்காமல், ஆதரவு உள்ள விண்டோஸையே பில்லிங்குக்கு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். லினக்ஸ் பிரியர்கள் என்னைக் கோபிக்கலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

மாறியவர்கள் கதை

ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாறுவதென்று தீர்மானித்தது. பத்து ஆண்டு உழைத்து ஏறக்குறைய 15 ஆயிரம் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். உலகமே பாராட்டியது. 2017 நவம்பரில் அதே நகராட்சி விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானம் போட்டது. 2020-இல் வந்த புதிய கூட்டணி மறுபடி திறந்த மூல சாப்ட்வேருக்கு முன்னுரிமை என்றது. இதில் அரசியல் உண்டு, அதை விட்டுவிடுவோம். நமக்கு உதவும் செய்தி என்னவென்றால், அங்கே தகராறு இயங்குதளத்தைப் பற்றி மட்டும் எழவில்லை. மற்ற அலுவலகங்களோடு கோப்பு பரிமாறுவதிலும், குறிப்பிட்ட வேலைக்கென்று வாங்கியிருந்த தனி சாப்ட்வேர்களிலும் முட்டிக்கொண்டது. நம் கடையில் பில்லிங் சாப்ட்வேர் இருக்கும் இடம் எதுவோ, அதே இடம்.

பக்கத்துக் கேரளத்தில் வேறு கதை. அங்கே அரசுப் பள்ளிகளில் 2000-களிலிருந்தே படிப்படியாக லினக்ஸைக் கொண்டுவந்து நிலைநிறுத்திவிட்டார்கள். 2019-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பைத் தயாரித்தார்கள். பாடத்துக்கு வேண்டிய சாப்ட்வேர்களைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தையும் அதற்குத் தக்கபடி எழுதினார்கள். நம் எல்காட் நிறுவனமும் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதிகாரி ஒருவரின் உறுதியால் தொடங்கும் காரியத்துக்கும், பத்தாயிரம் ஆசிரியர்கள் கையில் பழகிப்போன காரியத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு கடைக்காரர் தனியாக மாறினால் தனியாகத்தான் தவிப்பார். ஒரு பஜாரே சேர்ந்து மாறினால் மெக்கானிக் தானாகக் கற்றுக்கொண்டு வந்துவிடுவார்.

உண்மையான பூட்டு எங்கே?

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்று சொல்கிறேன். விண்டோஸா லினக்ஸா என்பதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியை, நம் கணக்கு எந்தக் கோப்பில், எந்த வடிவத்தில், யாருடைய பாஸ்வேர்டில் இருக்கிறது என்பதில் காட்டியிருந்தால், இந்தக் கவலைகள் பாதி வந்திருக்காது. நம் முன்னோர் பேரேடும் நாள்வழியும் சிட்டையும் எழுதினார்கள். கணக்குப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனாலும் பேரேடு கடையில்தான் இருந்தது. அடுத்து வந்தவர் பிரித்துப் படித்தார். இன்று பில்லிங் சாப்ட்வேர்காரர் கோபித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு பருப்பு மொத்த வியாபாரி, சாப்ட்வேர் கொடுத்தவர் தொழிலை மூடிவிட்டுப் போனபின், பழைய பெட்டியை ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறார். அந்தக் கணக்கு அந்தப் பெட்டியில் மட்டும்தான் திறக்கும். அது என்றைக்குப் படுக்குமோ என்று அவருக்குத் தூக்கமில்லை.

இது வெறும் சங்கடம் மட்டுமல்ல, சட்டப் பொறுப்பும்கூட. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் அதற்கும் மேல். விதி 57 இன்னும் தெளிவாகச் சொல்கிறது: கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால் முறையான பேக்-அப் இருக்க வேண்டும், கேட்கும்போது அச்சிட்டோ, படிக்கக்கூடிய கோப்பாகவோ தர வேண்டும், கோப்புகளின் விவரம், பாஸ்வேர்டு, குறியீடுகளின் விளக்கம் எல்லாம் கொடுக்க வேண்டும். அதிகாரி வந்து நிற்கும்போது "சாப்ட்வேர்காரர் போனை எடுக்கவில்லை" என்பது பதிலாகாது. அந்தப் பொறுப்பை சட்டம் வியாபாரியின் தலையில்தான் வைத்திருக்கிறது.

2025 செப்டம்பரில் விகிதம் மாறியபோது இன்னொன்றும் வெளியே வந்தது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கு சாப்ட்வேர்காரர்கள் மொத்தமாக மாற்றிக் கொடுத்தார்கள். கட்டாமல் விட்டவர்கள் ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்து 18-ஐ 5 ஆக்கிக்கொண்டிருந்தார்கள். பொருள் பட்டியலை எக்செல்லாக வெளியே எடுத்து, திருத்தி, மறுபடி உள்ளே ஏற்றும் வசதி உள்ள சாப்ட்வேர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு மதிய நேரத்தில் வேலை முடிந்தது. அவர்கள் விண்டோஸ்காரர்கள்தான். அவர்களுடைய சரக்கு அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே சாப்ட்வேர் வாங்கும்போதும், பராமரிப்புக் கட்டணத்தைப் புதுப்பிக்கும்போதும் விற்பவரிடம் கேளுங்கள். பொருள் பட்டியல், இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, கொள்முதல், விற்பனை ஆகிய ஐந்தையும் சி.எஸ்.வி. அல்லது எக்செல் கோப்பாக, உங்களைக் கூப்பிடாமல், நானே எடுக்க முடியுமா? பேச்சில் "முடியும் சார்" என்பார். எதிரே உட்கார வைத்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் பணம் கட்டாவிட்டாலும் பழைய கணக்கைத் திறந்து பார்க்க முடியுமா? பாக்கி விவரம் வராமல் வெறும் பில் நம்பர்கள் மட்டும் வெளியே வருகிறதென்றால், அந்த சாப்ட்வேரில் நீங்கள் முதலாளி அல்ல, குடியிருப்பவர். உலாவியில் ஓடும் பதிப்பு உண்டா என்பதையும் கேளுங்கள். டேலி நிறுவனமே மேகக் கணினியில் வாடகைக்குத் தருகிறது. உலாவியில் ஓடுகிற எதற்கும் விண்டோஸ் கட்டாயமில்லை. ஆனால் உலாவியில் ஓடுவது என்றால் கணக்கு வேறொருவர் வீட்டில் இருக்கிறது என்று பொருள். இணையம் நின்ற அன்று பில் எப்படிப் போடுவது என்ற கேள்விக்கும் பதில் வாங்கிவிட வேண்டும்.

முழுக்கவும் திறந்த மூலமாகவே இருக்கும் வியாபார சாப்ட்வேர்களும் இருக்கின்றன. மும்பையில் உருவான இ.ஆர்.பி. நெக்ஸ்டுக்கு ஜி.எஸ்.டி. இணைப்பும் உண்டு. பெல்ஜியத்திலிருந்து வரும் ஓடூவின் இலவசப் பதிப்பில் கடை பில் போடும் வசதி இருக்கிறது. மூன்று கிளை, இரண்டு குடோன், பத்து விற்பனையாளர் என்று இருக்கும் மொத்த வியாபாரிக்கு இவை பொருந்தும். நிறுவிப் பராமரிக்க ஒரு விவரமான ஆளைச் சம்பளத்துக்கு வைத்தாக வேண்டும். ஒரு கல்லா, ஒரு பையன் என்று நடக்கும் மளிகைக் கடைக்கு இது சட்டைப் பையில் யானைக்குட்டி.

சங்கம் என்ன செய்யலாம்? நம் அலுவலகத்தில் சும்மா கிடக்கும் பழைய பெட்டி ஒன்றில் லினக்ஸ் மின்ட்டைப் போட்டு வைக்கலாம். பென் டிரைவிலிருந்தே, உள்ளே இருப்பதை அழிக்காமல் ஓட்டிப் பார்க்கவும் அதில் வழி இருக்கிறது. உறுப்பினர்கள் தங்கள் பில் பிரிண்டரையும் தராசையும் கொண்டுவந்து செருகிப் பார்க்கட்டும். எந்த மாடல் ஓடியது, எது ஓடவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஆறு மாதத்தில் அந்த நோட்டு எந்தக் கம்பெனி விளம்பரத்தைவிடவும் நமக்குப் பயன்படும். உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. 2012 முதல் கணியம் என்ற இதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி வருகிறது. ஒரு ஞாயிறு மதியம் கூப்பிட்டால் காபிச் செலவோடு வந்து சொல்லிக்கொடுக்கும் இளைஞர்கள் அவர்கள்.

இரண்டாவது காரியத்தைச் சங்கம்தான் செய்ய முடியும். நம் பஜாரில் அதிகம் ஓடும் ஏழெட்டு பில்லிங் சாப்ட்வேர்காரர்களுக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டும். மேலே சொன்ன ஐந்து பட்டியலையும் தாங்களே எடுத்துக்கொள்ளும் வசதி உண்டா, பராமரிப்புக் கட்டணம் நின்ற பிறகும் பழைய கணக்கு திறக்குமா, லினக்ஸில் ஓடும் பதிப்பு தரும் எண்ணம் உண்டா என்று கேட்டு, பதிலை அப்படியே இந்த இதழில் வெளியிட வேண்டும். பதில் தராதவர் பெயருக்கு எதிரே "பதில் இல்லை" என்று போடலாம். தனிக் கடைக்காரர் கேட்டால் தட்டிக்கழிப்பவர்கள், இருநூறு கடைகள் சேர்ந்து கேட்கும்போது உட்கார்ந்து பதில் எழுதுவார்கள். வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தின் வாசகத்தை எழுதித் தர நான் தயார். அதுவரை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சாப்ட்வேரின் பெயர், பதிப்பு எண், வாங்கிய ஆண்டு, கணக்குக் கோப்பு எந்த டிரைவில் இருக்கிறது என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்தால் வேலை சுலபமாகும்.